பலங்களின் வரைபடம்

கில்லீன் குடியிருப்பு
அக்டோபர் 9

அன்புள்ள டெர்வ்லா அக்காவுக்கு,

ஓர்லா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஈரக்காற்று வந்ததும் அம்மாவின் முதுகுவலி மட்டும் திரும்பிவிட்டது. நீயும் உன் அறைத்தோழிகளும் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பாட்டியின் சாவு வீட்டில் நீ என் கையில் திணித்த முகவரிச் சீட்டைக் காலணிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு பெண்குதிரையை விற்ற விவகாரத்தில் உன் அப்பாவும் என் அப்பாவும் பேச்சை முறித்துக்கொண்டு ஆறு வருடம் ஆகிறது. உனக்கு எழுதுவது தெரிந்தால் அப்பா என்ன செய்வார் என்று சொல்ல முடியாது. கத்தமாட்டார். கத்தினால்கூடப் பரவாயில்லை, வாயை மூடிக்கொள்வார். பரீட்சை முடியும் வரை அம்மா என் கைபேசியைப் பூட்டி வைத்திருக்கிறாள். அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் கீரன் அண்ணனுடைய சைக்கிள் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படி கிறீச்சிட்டால் நிறுத்திவிடுவேன். எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

சமூகப் பணியும் இளைஞர் பணியும் படிக்கிறாய் என்று கேள்விப்பட்ட அன்று கீரன் சிரித்தான். "பசங்களுக்குப் பிங்பாங் சொல்லித்தர ஒரு பட்டமா?" என்றான். உண்மையில் அது என்ன படிப்பு?

பதிலை வீட்டுக்குப் போடாதே. சமூகக் கூடத்தைத் திறந்து மூடுகிறாரே ஃபின்டன், அவர் பெயருக்குப் போடு. கேட்டேன், சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

மழையில் நனையாமல் இரு.
உன் தங்கை,
ஓர்லா


கால்வே
அக்டோபர் 20

என் செல்ல ஓர்லாவுக்கு,

உன் கடிதம் கண்டு எவ்வளவு மகிழ்ச்சி! நான் நலம். அடுப்பு மட்டும் நலமில்லை, நாங்கள் நான்கு பேரும் ரொட்டியிலேயே உயிர் வாழ்கிறோம். சித்திக்கு முதுகில் வெந்நீர்ப் பை வைத்துக்கொடு.

கீரனிடம் சொல்: ஒரு தெருவில் பிங்பாங் மேசை இருக்கிறது, அடுத்த தெருவில் மேசையும் இல்லை, அதைப் போடக் கூரையும் இல்லை. ஏன் என்று கேட்பதுதான் எங்கள் படிப்பு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இளைஞர்களோடு வேலை செய்யப் போகிறவர்கள் வெறும் பந்து பொறுக்குகிறவர்கள்தான்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் கில்லீன் மாதிரி இடத்தைப் பார்த்ததும் அங்கே என்னவெல்லாம் இல்லை என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். எங்களை என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழக்குகிறார்கள். பலங்களின் வரைபடம் என்று பெயர். இடத்தை வரைந்து, ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்ட வேண்டும். இந்த வருடக் களப்பணிக்கு நான் கில்லீனைத்தான் எடுத்திருக்கிறேன். ஆனால் சித்தப்பா இருக்கும்போது நான் அங்கே எப்படிக் கால் வைப்பேன்? நீதான் என் கண்.

மாலையில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள்? உண்மையை எழுது. நீ சொல்வது என்னிடமே இருக்கும். எங்கள் படிப்பின் முதல் பாடமே அதுதான்.

முத்தங்களுடன்,
அக்கா


கில்லீன்
நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கொஞ்சம் சளி. உன் அடுப்பு பிழைத்துக்கொண்டதா?

ஒன்று சொல்கிறேன். எழுதவே கை தயங்குகிறது. இங்கே பையன்களிடம் குதிரைகள் இருக்கின்றன. நகரத்துக்குள் குதிரை வைக்க உரிமம் வேண்டும், தொழுவம் காட்ட வேண்டும், குதிரையின் கழுத்தில் அடையாளச் சிப் வேண்டும். இவர்களிடம் ஒன்றும் இல்லை. புல்வெளியில் கட்டினால் நகராட்சி பிடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மூடிக்கிடக்கும் சட்டைத் தொழிற்சாலையின் பின்பக்கக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

கீரனுடையது டச்சஸ். வெள்ளையும் பழுப்புமாக, மாவு கொட்டிய மாதிரி இருக்கும். போன வருடம் அவன் பள்ளியை விட்டதும் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ. அம்மா அவன் அறையிலிருந்து சவரக் கத்தியைக்கூட எடுத்துவிட்டாள். டச்சஸ் வந்த பிறகு விடிவதற்குள் எழுந்து போகிறான். முறை வைத்துச் சாணம் அள்ளுகிறார்கள், சின்னவர்களுக்கு லாடம் பார்க்கச் சொல்லித்தருகிறான். ஃபின்டன் கூடத்தில் மிஞ்சும் கேரட்டைக் கொடுத்தனுப்புவார். "உங்க அண்ணனுக்குப் பொண்ணு எவளும் மாட்டல, குதிரைக்குத் தலை சீவிட்டுத் திரியுறான்," என்பார். கீரனுக்கே சிரிப்பு வந்துவிடும். அவன் சிரிப்பதற்காகவே நான் அதை அடிக்கடி வீட்டில் சொல்லிக்காட்டுகிறேன்.

இது உனக்கு மட்டும். இங்கே காட்டிக்கொடுத்தவள் என்று பேர் வாங்கினால் அப்புறம் தெருவில் நடக்க முடியாது.

உன்,
ஓர்லா


கால்வே
நவம்பர் 18

ஓர்லாக் குட்டிக்கு,

சளி போயிற்றா? தேனும் எலுமிச்சையும் குடி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரும் சொல்லாமல், யாரும் காசு கொடுக்காமல் பிள்ளைகள் தாங்களே ஒரு தொழுவத்தை நடத்துகிறார்கள்! மூத்தவன் சின்னவனுக்குச் சொல்லித்தருகிறான். புத்தகத்தில் நாங்கள் பக்கம் பக்கமாகப் படிப்பது உன் தெருவில் நடக்கிறது. இதைவிடப் பெரிய பலம் ஒரு ஊருக்கு என்ன இருக்க முடியும்?

எனக்காக ஒரு படம் வரைந்து அனுப்புவாயா? கூடம், கடை, தொழிற்சாலை, கொட்டகை. எந்த வழியாக உள்ளே போகிறார்கள் என்பதையும் காட்டு, பிள்ளைகள் இடத்தை எப்படித் தங்களுடையதாக்கிக்கொள்கிறார்கள் என்பதற்கு அது முக்கியம். பயப்படாதே. ஒரு பெயரும் வராது. கில்லீன் என்றுகூட எழுதமாட்டேன். "நகரத்தின் வடக்கே ஒரு குடியிருப்பு", அவ்வளவுதான்.

நீ மட்டும் இங்கே இருந்தால் வகுப்பில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாய்.

ஆசையுடன்,
அக்கா


கில்லீன்
டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. இதோடு படம் வைத்திருக்கிறேன். அழித்து அழித்து வரைந்ததில் தாள் ஒரு மூலையில் கிழிந்துவிட்டது. முன்வாசலில் சங்கிலி இருக்கிறது, அது சும்மா. முட்புதருக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு இரும்புக் கதவு உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. அதைத்தான் சிவப்பில் போட்டிருக்கிறேன்.

வகுப்பில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிடுவேன் என்று நீ எழுதியதை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நானும் அந்தப் படிப்புப் படிக்கலாமா? அதற்குக் கணக்கு வேண்டுமா?

கிறிஸ்துமஸ் வாழ்த்து. பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் சொல்ல முடியாது, மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

உன்,
ஓர்லா


கில்லீன்
ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? படம் கிடைத்ததா? ஃபின்டனிடம் கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது. "கால்வேல தபால்காரனுக்குக் கால் சுளுக்கிருச்சுபோல," என்கிறார். இங்கே எல்லோரும் சுகம். டச்சஸுக்குக் கீரன் ஒரு பழைய கம்பளி தைத்திருக்கிறான்.

ஓர்லா


கால்வே
பிப்ரவரி 12

அன்பு ஓர்லாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். களப்பணியை எல்லோர் முன்னிலையிலும் விளக்கி முடித்தேன். பல அலுவலகங்களிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். நன்றாகவே போயிற்று. உன் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினோம், எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வும் வருகிறது.

குதிரைகள் இன்னும் அதே கொட்டகையில்தானா? இந்தக் குளிருக்கு அது சரிப்படுமா என்று தோன்றுகிறது. வேறு இடம் பார்க்கலாமே என்று கீரனிடம் நீயாகச் சொல்வதுபோல் சொல்லிப் பார். அவசரம் என்றில்லை. குளிர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
டெர்வ்லா


கில்லீன்
மார்ச் 3

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

போன திங்கள் காலை லாரிகள் வந்தன. போலீஸும் கூட வந்தது. சங்கிலி போட்ட முன்வாசல் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக முட்புதருக்குப் போய், வெட்டிவிட்டு, இரும்புக் கதவைத் திறந்தார்கள். சீருடையோடு பள்ளிக்குப் போகும் வழியில் நானும் நின்று பார்த்தேன். கீரன் கதவுக்குக் குறுக்கே நின்றான். ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருவர் கோபமே இல்லாமல் அவன் தோளைத் தொட்டார்.

"தம்பி, இது உங்க பசங்களோட பலம்னு எங்களுக்கும் தெரியும்பா. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார்.

கீரன் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம், "பலமாம். எவன்பா அவனுக்கு இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்தது?" என்றான். நான் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

தொழுவமும் உரிமமும் காட்டினால்தான் குதிரையைத் திருப்பித் தருவார்களாம். நாங்கள் எதைக் காட்டுவது? டச்சஸை வியாழக்கிழமை ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள். கீரன் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அம்மா மறுபடியும் கத்தியை எடுத்து ஒளித்துவிட்டாள்.

குளிர் என்று எழுதினாயே. அப்போதே உனக்குத் தெரியுமா?

யாரிடமாவது சொன்னாயா? ஆம், இல்லை, ஒரு வார்த்தை போதும்.

ஓர்லா


கால்வே
மார்ச் 28

அன்புள்ள ஓர்லாவுக்கு,

உன் கடிதம் படித்து அழுதேன். கீரனை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவனோடு பேச ஒரு ஆலோசகரின் எண்ணை அடியில் எழுதியிருக்கிறேன். நல்லவர்.

நடந்ததைப் பற்றி நிறைய யோசித்தேன். பணக்காரப் பிள்ளைகள் குதிரை வைத்தால் அது விளையாட்டு, நம் பிள்ளைகள் வைத்தால் குற்றம். அந்தச் சட்டத்தை யார், யாருக்காகப் போட்டார்கள் என்று கேட்பதுதான் சரியான கேள்வி. யார் சொன்னது என்று தேட ஆரம்பித்தால் குடியிருப்பு தன்னைத்தானே கடித்துக்கொள்ளும். நசுக்கப்பட்ட இடங்களில் எப்போதும் அப்படித்தான் நடக்கிறது. கோபம் மேலே போக வேண்டும், பக்கத்தில் போகக் கூடாது. ஒரு தனி ஆளின் தவறாக இதைப் பார்க்காதே, இது பெரிய அமைப்பின் வேலை.

வயது ஏற ஏற இது உனக்குப் புரியும். நன்றாகப் படி.

அன்புடன்,
டெர்வ்லா

பின்குறிப்பு: என் பழைய கடிதங்களை வைத்திருக்கிறாயா? எரித்துவிடுவது உனக்குத்தான் பாதுகாப்பு.


கில்லீன்
ஏப்ரல் 8

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அதனால் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கோபம் மேலே போகவில்லை அக்கா. ஃபின்டன் வீட்டுக்குப் போயிற்று. ஜனவரியில் நகராட்சிக்காரர்கள் சமூகக் கூடத்தில் ஏதோ கூட்டம் போட்டபோது அவர் டீ போட்டுக் கொடுத்தாராம். அது யாருக்கோ ஞாபகம் வந்தது. அப்பா சமையலறையில் எல்லோரிடமும், "டீய ஊத்திக் குடுத்தவன் கூட வேற என்னத்தக் குடுத்தானோ," என்றார். அன்று இரவே அவர் கதவில் 'காட்டிக்கொடுத்தவன்' என்று தார் பூசி எழுதினார்கள். கடையில் அவருக்குப் பால் தருவதில்லை. கூடத்துக் குழு அவரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டது. அதற்குக் கை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர்.

நான் அவர் வீட்டுப் பின்வாசலுக்குப் போனேன். கடிதங்களைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், நீங்கள் தப்பித்துவிடலாம் என்றேன். தாரைச் சுரண்டிக்கொண்டிருந்த கையோடு என்னைப் பார்த்தார்.

"அது எனக்கு வந்த கடுதாசி இல்லம்மா. அடுத்தவங்க கடுதாசியப் பத்தி நான் எதுக்குப் பேசணும்?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "இனிமே கூடத்துக்குப் போடச் சொல்லாத. என் வீட்டுக்கே போடச் சொல்லு. இங்க இப்ப தபால்காரனத் தவிர யாரு வரா?" என்றார்.

கதவில் இருக்க வேண்டியது என் பெயர். ராத்திரியில் தெருவில் யாராவது நடந்தால் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், குழுவுக்கு ஒரு வரி எழுது. ஃபின்டன் இல்லை, நான்தான் என்று. நீ கால்வேயில் இருக்கிறாய். உன் கதவில் யாரும் எதுவும் எழுதப்போவதில்லை.

ஓர்லா


கால்வே
ஜூன் 2

அன்புள்ள ஓர்லாவுக்கு,

பலமுறை எழுதிக் கிழித்தேன். பரீட்சை நன்றாக எழுதுகிறாயா?

உண்மையைச் சொல்கிறேன். சுவரில் மாட்டிய படத்தில் ஒருவர் நட்சத்திரத்தின் மேல் விரலை வைத்து, "இது அந்தச் சட்டைத் தொழிற்சாலைதானே?" என்று கேட்டார். வடக்கே அப்படி ஒரு தொழிற்சாலைதான் இருக்கிறது என்பது எனக்கு அந்த நொடிதான் உறைத்தது. அவர் உங்கள் ஊர் நகராட்சியில் பெரிய பொறுப்பில் இருக்கிறவர். நேர்முகத் தேர்வுக் குழுவிலும் அவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றேன். பக்கவாட்டுக் கதவைப் பற்றியும் சொன்னேன். நம் பிள்ளைகள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று பெருமையாகத்தான் சொன்னேன், நம்பு.

அந்த வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் கில்லீன் கூடத்தில் இளைஞர் பணியாளராகச் சேருகிறேன். சட்டப்படி ஒரு தொழுவம், உரிமம், பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் திட்டம் எழுதி வைத்திருக்கிறேன். முதல் ஆளாகக் கீரனைச் சேர்ப்பேன். இப்போது வாயைத் திறந்தால் வேலை போகும், தொழுவமும் போகும். நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான். ஃபின்டன் விஷயம் கொஞ்ச நாளில் ஆறிவிடும். அவருக்கென்று குடும்பம்கூட இல்லையே.

நீ புத்திசாலி. எது பெரிய நன்மை என்று உனக்குத் தெரியும்.

உன் அக்கா,
டெர்வ்லா


கில்லீன்
ஆகஸ்ட் 23

டெர்வ்லா அக்காவுக்கு,

நீங்கள் நலம் என்று அப்பா சொன்னார். ஆமாம், என் அப்பாதான். பெரியப்பாவுக்கு அவராகவே போன் செய்தார். இதைச் சமையலறை மேசையில் பகலில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரும் என்னிடம் என்ன எழுதுகிறாய் என்று கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தை ஃபின்டன்தான் என் கையில் கொடுத்தார். அதற்கு மறுவாரம் கூடத்தில் குழு கூடியது. அவரைக் குடியிருப்பை விட்டே போகச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, அவர் இல்லை, கொட்டகையைப் பற்றி வெளியே எழுதியது நான் என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். இன்னொரு முறை சொன்னேன்.

"யாருக்குடி எழுதின?" என்று அப்பா கேட்டார்.

சொல்லவில்லை.

"கேக்குறேன்ல. யாருக்கு?"

சொல்லவில்லை. அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. கீரன் நான் இருக்கும் அறைக்கு வருவதில்லை. அம்மா என் தட்டைத் தனியாக எடுத்து வைக்கிறாள். எங்கள் கதவில் யாரும் எழுதவில்லை, என் பள்ளிப் பையில் எழுதினார்கள்.

ஃபின்டனிடம் சாவியை மேசை மேல் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை. தங்கை வீட்டோடு போய்விட்டார். கிளம்பும்போது, "உங்க அக்கா எழுத்து முத்து முத்தா இருக்கும்," என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நீங்கள் எரிக்கச் சொன்ன கடிதங்களை எரித்துவிட்டேன். பயந்து எரிக்கவில்லை. அவை என்னிடம் இருந்தால் என்றைக்காவது ஒரு நாள் உங்களுக்குப் பதிலாக நான் பேசிவிடுவேன். அது நீங்கள் பேச வேண்டியது.

திங்கட்கிழமை உங்களுக்கு வரவேற்பு. அம்மா திராட்சை ரொட்டி சுடுகிறாள். அப்பா புதுச்சட்டை வாங்கியிருக்கிறார், "என் அண்ணன் பொண்ணு, படிச்சுப் பட்டம் வாங்கினவ" என்று கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என் கையால் டீ ஊற்றினால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் என்னை நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்வரிசையில் ஒன்று போட்டுக்கொள்வேன். பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், அதனால் உங்களுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

கை தட்டுவார்கள். நீங்கள் எழுந்து உங்கள் பெயரைச் சொல்வீர்கள். அதற்கு அடுத்து என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதற்குத் தபாலில் பதில் வேண்டாம்.

ஓர்லா